வெயில் கதவைத் தொடுவதற்குள்

மார்ச் 12, வியாழக்கிழமை காலை ஆறரை மணியளவில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய திருப்பத்தில், சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை வெள்ளைக் கார் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது.

எட்டு மணிக்கு ஃபிலிம்காரர் தன் பட்டறையின் ஷட்டரைத் தூக்கியபோது, கைபேசியில் அந்தச் செய்தி வந்து கிடந்தது. அந்தப் பெண் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காரின் எண்ணை யாரும் பார்க்கவில்லை.

ஃபிலிம்காரரின் தொழில் கார்களுக்குத் தோல் மேல் தோல் போடுவது. பெயிண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டுவார். அதில் கீறல் விழுந்தால் சூடு காட்டினால் போதும், தானாகவே மறைந்துவிடும். பிளாஸ்டிக் அங்கே அறுபடுவதில்லை, ஒதுங்கித்தான் நிற்கிறது. சூடு பட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் முன்னால் பித்தளை பிரஷ்ஷால் பரபரவென்று கீறிவிட்டு, கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றிக் காட்டுவார். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். "என் மாமியார் பேச்சு கீறுறதுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா எனக்கு ஒட்டி விடுங்களேன்" என்று ஒருவர் கேட்டது பட்டறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற நகைச்சுவை.

முற்றத்தில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவியின் தம்பி. ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுகிறவன். வழக்கப்படி சாவியைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினான்.

"என்ன மாப்ளே, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்ல மாமா. கேட்டுல லேசா உரசிடுச்சு. ஒரு கெட்டில் வெந்நீர் ஊத்துங்க, போயிட்டே இருப்பேன்."

கெட்டிலைப் போட்டுவிட்டு அவர் காரைச் சுற்றி வந்தார். வெள்ளைக் கார். அவரே முன்பு ஒட்டிய படலத்தின் மேல், பின் கதவில் இரண்டு கோடுகள். ஒன்று இடுப்பு உயரத்தில் தொடங்கியது. தொடங்கிய இடத்தில் கறுப்பு ரப்பர் தீற்றியிருந்தது. மற்றது முழங்காலுக்குக் கீழே. இரண்டும் பின்னால் போகப் போகச் சேர்ந்தே தரையை நோக்கிச் சரிந்தன.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவினார். இரண்டுமே மேலோட்டமானவை.

"எந்த கேட்டு?"

"முதலாளி வீட்டு கேட்டுதான். ஏன் மாமா?"

"அப்ப அவர்கிட்டயே காட்டிடலாமே. கேட்டுல உரசினதுக்கா திட்டப் போறாரு?"

"திட்டுவாரு மாமா. உங்களுக்குத் தெரியாது அந்த மனுஷனை."

"கேட்டு உரசினா கோடு நேரா போகும் மாப்ளே. கேட்டு கீழ விழாது. இது விழுந்த பொருள் போட்ட கோடு. மேல ஹேண்டில்பார், கீழ பெடல்."

அந்த நேரம் பார்த்து அவர் கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி வந்தானா? போன்ல அவன் குரலே சரியில்ல. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். என்ன கேட்டாலும் செஞ்சு குடுத்துடுங்க, சரியா?"

"பாத்துக்கிறேன்" என்று அவர் வைத்துவிட்டார். அவள் அவனைத் தூக்கி வளர்த்தவள். அம்மா இறந்தபோது அவனுக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. அவர் அதைத் தொடவில்லை. எத்தனை கார்களின் எத்தனை கோடுகளை வெந்நீர் ஊற்றி அழித்திருப்பார்? எது சுவர், எது தூண், எது மனிதர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பது தன் வேலையில்லை என்று இருந்துவிட்டார்.

"நிக்கத்தான் நினைச்சேன் மாமா" என்றான் மைத்துனன். "கண்ணாடில பாத்தேன். எந்திரிக்கப் பாத்துது அந்தப் பொண்ணு. சரி, பெருசா ஒண்ணுமில்லன்னு... கால் பிரேக்குக்குப் போகவே இல்ல."

"இடுப்பெலும்பு போயிடுச்சாம்."

அவன் கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். கூரையின் நிழல் காரின் முன் கதவிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. முன் கதவு பளபளத்தது. பின் கதவு இன்னும் நிழலில்தான் இருந்தது.

அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

"மாமா, நீங்க வெந்நீர் ஊத்த வேணாம். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு? சும்மா இருங்க, அது போதும். வெயில் வந்தா தானா போயிடும்."

அவருக்கு அது உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதும். கேட்டால் நான் ஒன்றும் செய்யவில்லையே என்று யாரிடமும் சொல்லலாம், மனைவியிடமும் சொல்லலாம். வெயிலின் மேல் வழக்குப் போட முடியாது.

நிழலின் விளிம்பு பின் கதவின் கைப்பிடியை எட்டியது.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். மைத்துனன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான். முரட்டுத்தனமாக அல்ல, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பதைப் போல.

"அக்கா உங்களை மன்னிக்கவே மாட்டா மாமா."

"தெரியும். கையை விடு."

விட்டான். அவர் காரைக் கிளப்பி, ஃபிலிம் ஒட்டுகிற உள் அறைக்குள் விட்டு, ஏ.சி.யைப் போட்டு ஷட்டரை இறக்கினார்.

"கோடு அப்படியே இருக்கும் மாப்ளே. நானா போன் பண்றதை விட நீயா ஸ்டேஷனுக்குப் போனா உனக்கு நல்லது. வா, வண்டில கொண்டுபோய் விடுறேன்."

அவன் வெகுநேரம் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து பைக்கில் ஏறினான். காவல் நிலைய வாசலில் அவனே இறங்கி உள்ளே போனான்.

மதியம் காவலர்கள் வந்து இரண்டு கோடுகளையும் அளந்து படம் எடுத்தார்கள். சாட்சியத்துக்காக அந்தப் படலத்தையே கழற்றித் தரச் சொன்னார்கள். வழக்கமாகச் சூட்டுக் காற்று அடித்துத்தான் அதை உரிப்பார்கள். சூடு பட்டால் கோடு போய்விடும். அதனால் ஃபிலிம்காரர் சூடில்லாமல், விரல் விரலாக உரித்தார். ஒரு கதவுக்கு மாலை வரை ஆனது. நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. உரித்ததை அட்டையில் ஒட்டிக் கொடுத்து, வெயில் படாமல் வைக்கும்படி சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருக்கிறாள். மைத்துனனின் ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டது, வேலையும் போனது. வழக்கு நடக்கிறது. ஃபிலிம்காரரின் மனைவி சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். விபத்து நடந்த அடுத்த புதன்கிழமையே காரின் அந்தக் கதவுக்குப் புதிய படலம் ஒட்டப்பட்டது.