பெட்டி மேல் விலாசம்

பன்னிரண்டு நாளில் ஆறு நாடு பார்த்தாயிற்று. ஏழாவது நோர்வே. ரோமில் பார்த்த மண்டபம் எது, வியன்னாவில் பார்த்த மண்டபம் எது என்று கேட்டால் கமலேஸ்வரியால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா ஊரிலும் வரிசையில் நின்றதுதான் நினைவிருந்தது. காசு கொடுத்துக் கால் வலியை வாங்கிக்கொண்டு திரிந்தாள்.

இந்தப் பயணம் முடிந்ததும் அவளும் கணவர் ஜெகதீஸ்வரனும் பிரியப் போகிறார்கள். மாசி மாதமே கனடாவில், ரொறன்ரோ வீட்டுச் சமையலறை மேசையில் முடிவான விஷயம். சண்டை ஒன்றும் இல்லை. மகன் கலியாணம் கட்டிப் போன பிறகு அந்த வீட்டில் இருவருக்கும் கதைக்க எதுவும் மிஞ்சவில்லை. தனியே இருக்கப் போகிறேன் என்று இவள்தான் சொன்னாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சரி என்றார். கொஞ்சம் பொறுத்து, ஐரோப்பாப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்றே என்றார். முப்பது வருடத்துக்கு இதுதானா மறுமொழி என்று ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய்த் திரும்பும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் பெட்டிகளும் வேறு வேறு. நீலம் இவளுடையது, கறுப்பு அவருடையது. ரொறன்ரோவில் இறங்கியதும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு டாக்சி. அவள் தனக்கென்று எடுத்திருந்த புது வீட்டுப் பூட்டின் திறப்பு கைப்பையின் அடியில் கிடந்தது. பன்னிரண்டு நாளும் ஒரு கைக்குட்டைகூட மாறி விழாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒஸ்லோவில் தங்கியது தர்மினி வீட்டில், குரோருட்டில். தர்மினி சின்னம்மாவின் மகள். மூன்று பேருக்கு வேண்டிய கதையை ஒருத்தியே கதைப்பாள். கடைசி நாள் காலை, அக்காவும் அத்தானும் தனியே போய் ஊர் பாருங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று இருவரையும் வாசலால் தள்ளாத குறையாக அனுப்பினாள். மிச்சம் என்றால் என்ன என்று கமலேஸ்வரி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சிலைப் பூங்கா. ஆணும் பெண்ணுமாக, உடுதுணி இல்லாமல், கட்டிப்பிடித்தபடியும் முதுகைக் காட்டியபடியும் கல்லில் ஒரு ஊரே நின்றது. எங்கள் சனம் என்றால் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு, தாங்கள் ஆறுதலாகப் பார்க்கும். ஜெகதீஸ்வரன் இவளை ஒரு படம் எடுத்தார். இவள் அவரை ஒரு படம் எடுத்தாள். அவ்வழியே வந்த வெள்ளைக்காரி ஒருத்தி, இருவரையும் சேர்த்து எடுத்துத் தரவா என்று கைபேசியை வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒரு பிள்ளை நிற்கலாம் போல இடம் விட்டு நின்றார்கள். கிட்ட வரச் சொல்லி அவள் கையைக் காட்ட, அவர் அரை அடி நகர்ந்தார். தோள் பட்டது. பஸ்ஸில் யாரோ பட்டது போலத்தான் இருந்தது.

பிறகு ஒப்பரா மண்டபம். அதன் வெள்ளைக் கூரையில் சரிவாக ஏறி உச்சிவரை போகலாம். பாதியில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இவள் தன் மேலங்கியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தனியே ஏறினாள். மேலேயிருந்து கடலைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மடியில் மேலங்கியை ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டும் கூட்டிப்போக ஆள் வராத பிள்ளை மாதிரி இருந்தார். பாவமாக இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது, நடைவழியில் இரண்டு பெட்டியும் கட்டி முடிந்து நின்றன. சுற்றிவரப் பழுப்பு நாடா. அதன்மேல் கொட்டை எழுத்தில் ஜெகதீஸ்வரன் குடும்பம் என்று எழுதி, கீழே இருவரும் இதுவரை இருந்த ஸ்காபரோ வீட்டு விலாசம், இரண்டிலும் ஒன்றே. பக்கத்தில் கையில் தொங்கு தராசோடு தர்மினி.

"அக்கா, உங்கடை பெட்டி இருபத்தாறு கிலோ, அத்தான்ரை பதினாலு. இருபத்துமூண்டுக்கு மேலை எண்டால் எயார்போட்டிலை மறிச்சுப்போடுவாங்கள். அதான் ரண்டையும் கொட்டிக் கலந்து அடுக்கினனான். இப்ப ரண்டும் சரியா இருபத்துமூண்டு."

ரொறன்ரோச் சொந்தங்களுக்கு மீனெண்ணெய்க் குளிசை, சொக்கிளேட் என்று ஆறு கிலோவையும் அதற்குள்ளேயே அடக்கிவிட்டாளாம். அத்தானின் சேட்டுகளுக்கு நடுவே அக்காவின் சீலைகளை வைத்ததால் ஒன்றும் கசங்காதாம். நல்ல மனதோடு செய்த வேலை. எங்கள் ஆட்களில் எந்த வீட்டிலும் இப்படித்தான் செய்வார்கள். புருசன் பெண்சாதிக்குள் என்ன உன்னது, என்னது?

நாளைக் காலை வரை வாயை மூடியிருந்தால் போதும். ஆனால் ரொறன்ரோவில் இறங்கி, அத்தனை சனத்துக்கு நடுவில் நிலத்தில் குந்தி, அவருடைய பனியனுக்குள் தன் சட்டைகளைத் தேடவேண்டி வரும். கமலேஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"தர்மினி, திருப்பிப் பிரிக்கோணும்," என்றாள். "அவரின்ரை சாமான் அவரின்ரை பெட்டியிலை, என்ரை சாமான் என்ரை பெட்டியிலை. நாங்கள் எயார்போட்டிலை இருந்து வேறை வேறை வீட்டுக்குப் போறம்."

தர்மினி சிரிக்கப் பார்த்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தராசோடு அப்படியே கதிரையில் இருந்தாள். அவள் கதைக்காமல் இருந்ததை அன்றுதான் கமலேஸ்வரி கண்டாள்.

இருவரும் நிலத்தில் உட்கார்ந்து பிரித்தார்கள். அவர் ஒவ்வொரு சீலையாக எடுத்து, மடிப்பைச் சரிபார்த்து இவளிடம் நீட்டினார். இவள் சேட்டுகளை நீட்டினாள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கூடுதலான மூன்று கிலோச் சீலையைத் தர்மினிக்கென்று எடுத்து வைத்தாள். இவ்வளவு லேசா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பெட்டிக்கு நாடா சுற்றுவது எப்போதும் அவர் வேலை. இம்முறையும் அவர்தான் சுற்றினார். முதலில் கறுப்பு, பிறகு நீலம். நீலப் பெட்டியில் கமலேஸ்வரி என்று அவர் எழுதி முடிக்கும்வரை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே பேனை நின்றது.

"உம்மடை விலாசத்தைச் சொல்லும்," என்றார்.

வீட்டு இலக்கம் அவளுக்கு நல்ல பாடம். தெருப் பெயரும் தெரியும். வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவர் பேனை மூடியைப் போடாமல், எழுதுவதற்காகக் காத்திருந்தார்.