வாலுவுக்குத் தைத்த சட்டை

சித்தி அனுப்பும் சட்டை முதல்முறையாக எனக்குப் பொருந்தாமல் போனது, போன பிறந்தநாளுக்குத்தான்.

சித்தி கடல் கடந்து போய்த் தையல் கடை வைத்ததிலிருந்து வருடம் தவறாமல் பார்சல் வரும். நான் அளவு அனுப்பியதே இல்லை. அம்மா அனுப்புகிறாள் என்று நான் நினைத்தேன். நான் அனுப்புகிறேன் என்று அம்மா நினைத்தாள். ஆனாலும் ஒவ்வொரு சட்டையும் என் மேலேயே வைத்துத் தைத்தது போல உட்காரும்.

அந்த முறை வந்ததற்குப் பித்தானே போட முடியவில்லை. "சித்திக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சிரித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு இளைக்க ஆரம்பித்தேன். பசியே இல்லை. கன்னம் ஒட்டியது, மோதிரம் கழன்று விழுந்தது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். என் ரத்தத்தை நானே திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. டாக்டர்களும் கையை விரித்தார்கள். ஒருநாள் அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

நான் இளைப்பதற்கு முன்பே தைத்த சட்டை. அன்றைக்கே விமான டிக்கெட் எடுத்தேன். சொந்தபந்தங்களைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று வீட்டில் காரணம் சொன்னேன்.

விமான நிலையத்தில் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூசணியைக் கூட்டிட்டுப் போக வந்தா முருங்கைக்காய் வந்து நிக்குது! ஏம்மா, உங்க அம்மா சோறு போடுறதில்லையா?"

பூசணி என்பது சின்ன வயதில் என் பட்டப்பெயர். வைத்தவள் சித்தியின் மகள் வாலு. என் வயதுதான்; ஒரே வீட்டில் வளர்ந்தோம். சத்தமில்லாமல் பின்னால் வந்து என் இடுப்பைக் கிள்ளிவிட்டு ஓடுவாள். "ஐயோ வாலு!" என்று நான் அலறினால்தான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும். அவளுக்கு எட்டு வயதில் சித்தியும் சித்தப்பாவும் அவளை அழைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தார்கள். வந்த முதல் குளிர்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

காரில் சித்தப்பா சொன்னார். "மாசக் கடைசியில கடையைக் காலி பண்றோம்மா. உங்க சித்தி ஒருவழியா மனசத் தேத்திக்கிட்டா."

கடையின் பின்னறையில் சித்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தலையும் கையும் இல்லாத துணிப் பொம்மை, தைத்ததை மாட்டிப் பார்ப்பதற்கானது. அதன் விலாவைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை உருவி எடுத்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டாள்.

"என்னடி இப்படித் துரும்பாயிட்ட!"

"அது யாரு சித்தி?"

"நம்ம வாலுதான்." கூச்சத்துடன் சிரித்தாள். "வருஷா வருஷம், இருந்திருந்தா இவ்வளவு வளர்ந்திருப்பான்னு பஞ்சு வைப்பேன். அவளுக்குத் தைச்சதத்தான் உனக்கு அனுப்பினேன். வேற யாருக்குக் குடுக்க? போன வருஷம் உங்க சித்தப்பா, போதும், அவளப் போக விடுன்னாரு. ஒரேயடியா தூக்கிப் போட மனசு வரல. இனி சிறுத்துடுவாளேன்னு போன சட்டையச் சின்னதாத் தைச்சு அனுப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறேன். மாசக் கடைசியில முடிஞ்சிடும்."

நான் பொம்மையின் அருகே போனேன். அதன் இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த பிறகு என் தோளும் அப்படித்தான். சித்தி பயப்படுவாள் என்று அதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

"தோள் ஏன் சித்தி சரிஞ்சிருக்கு?"

"தெரியலடி. கை தானா அப்படித் தைச்சிடுச்சு."

"சித்தி, டேப்பை எடுங்க. என்னை அளந்து பாருங்க."

"சாப்பிட்டுட்டுப் பார்க்கலாமே..."

"இப்பவே சித்தி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அளந்தாள். பிறகு பொம்மையை அளந்தாள். மறுபடி என்னை. தோளுக்கு வந்தபோது டேப் கையிலிருந்து நழுவியது. உருவிப்போட்ட பஞ்சையும் என் ஒட்டிய கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ, உன்னையாடி நான்..." வாயைப் பொத்திக்கொண்டாள். மூட்டையை இழுத்துப் பஞ்சை அள்ளி அள்ளித் திணித்தாள். "எவ்வளவு வேணும்னு சொல்லுடி!"

"பழைய பூசணி அளவுக்கு வேணாம் சித்தி." என் வயிறு சத்தம் போட்டது. பல மாதங்களுக்குப் பிறகு பசி.

விலாவைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள் சித்தி. பொம்மையின் சரிந்த தோளைத் தடவினாள்.

"இத்தனை வருஷமும் இது நீதான்னா," என்று மெல்லக் கேட்டாள், "என் பொண்ணு எங்கடி?"

கீழே விழுந்த டேப்பை எடுக்கக் குனிந்தேன்.

சுருக்கென்று இடுப்பில் ஒரு கிள்ளு.

"ஐயோ வாலு!"

அலறிய பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. திரும்பினேன். சுவர்தான் இருந்தது. முன்னறையில் சித்தப்பா யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சித்தி பொம்மையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகத் திணித்த பஞ்சில், இரண்டு சின்ன விரல்கள் பிடித்த பள்ளம். சரிசெய்யப் போன அவள் கை பாதியில் நின்றது.

"இத மட்டும் இப்படியே விட்டுடுறேன்டி," என்றாள்.