முப்பது பேர் ஆடிய இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய படத்தைப் போட்டார்கள். மத்தியானம் அதையே பாட்டும் ஆட்டமுமாக எடுத்திருந்த புதுப் படம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் மன்றத்தில் நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. சகுந்தலாவுக்கு முன்வரிசை. ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழைய சிரிப்புப் படத்தில் தையல்காரியாக நடித்தவள் அவள்தான். அது ஒன்றுதான் அவள் நடித்த படம். அப்புறம் ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு ஹவுராவுக்கு வந்துவிட்டாள்.

பழையதில் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் ஒழுகும் குழாயைப் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்து தையல்காரியின் கையைப் பிடிப்பார். அவள் கத்தமாட்டாள். இன்னொரு கையால் இஞ்ச் டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி அளப்பாள். "நாற்பத்தாறு. உங்களுக்கு ஜிப்பா தைக்கணுமா, கோடித் துணி கிழிக்கணுமா?" மனுஷர் வயிற்றை எக்கிக்கொண்டு ஓடுவார். காலையில் அரங்கமே அதிர்ந்தது.

புதியதில் தையல்காரி அழுதாள். கதாநாயகன் முப்பது பேரோடு வந்து ஆடினான். பாட்டு முடிகிறபோது கையைப் பிடித்த வீட்டுக்காரரும் சேர்ந்து ஆடினார்.

"பாட்டு நல்லாத்தானேம்மா இருந்துச்சு?" என்றாள் மகள் மஹிமா.

"பாட்டுக்கு என்னடி குறை? அந்தப் பொண்ணு வாயை எதுக்கு அடைச்சாங்க?"

அவளைப் பேச அழைக்கும் முன் மன்றச் செயலாளர் ஸ்ரீநாத் குனிந்து காதருகே சொன்னார். "ரெண்டும் ரெண்டு கண்ணுன்னு சொல்லிட்டு இறங்கிடுங்கம்மா. புதுப் படத்தை வாங்கிக் கொடுத்தவர் வந்திருக்கார்."

சகுந்தலா மேடை ஏறினாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"அந்த வசனத்தை யாரும் எழுதித் தரலை. ஒத்திகையில அந்த நடிகர் நிஜமாவே கையை முறுக்கினார். விடுங்கன்னேன். சிரிச்சார். சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. டேப் கையில இருந்துச்சு, வாயில வந்ததைச் சொன்னேன். டைரக்டர் நல்லாருக்குன்னு அப்படியே வச்சுக்கிட்டார். அவர் பேர்லயே வசனம்னு போட்டுக்கிட்டார், போகட்டும். எனக்கு இருபத்தோரு வயசு. என்கிட்ட இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதையும் பிடுங்கிட்டு, கையை முறுக்கினவனை ஆடவும் விட்டிருக்கீங்க. இதுவா முன்னேற்றம்?"

யாரும் கைதட்டவில்லை. ஸ்ரீநாத் அவசரமாக மைக்கை வாங்கி, காபி தயார் என்று அறிவித்தார்.

இருவரும் காளிகாட் மெட்ரோவுக்கு நடந்தார்கள். படியிறங்கும்போது மஹிமா, "என்கிட்ட ஏன் ஒருநாளும் சொல்லலை?" என்றாள்.

"சிரிப்புக் காட்சின்னுதானே எல்லாரும் சொன்னீங்க? நீயும் சின்ன வயசுல டேப்பைத் தூக்கிக்கிட்டு அதையே செஞ்சு காட்டுவே. அதுல போய் என்னத்தைச் சொல்ல?"

மறுநாள் காலை ஸ்ரீநாத் போன் செய்தார். படத்தை வாங்கிக் கொடுத்தவர் மனம் புண்பட்டுவிட்டாராம். சும்மா ஒரு வரி, வருத்தம் தெரிவித்து எழுதித் தந்தால் போதுமாம்.

"எழுத மாட்டேன்."

"அம்மா, பெரியவங்க நீங்க..."

மஹிமா போனை வாங்கினாள். ஆத்திரத்தில் அவளுக்குத் தமிழ் பாதி, வங்காளம் பாதியாகத்தான் வந்தது. ஆனாலும் ஸ்ரீநாத்துக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர்களுக்கு அழைப்பு வரவில்லை.