லேப்காரம்மாவின் சாட்சி

போதகர் கேட்டதில் தப்பே தெரியவில்லை. "நாங்க சொன்னா கதைன்னுவாங்கம்மா. நீங்க லேப்ல வேலை பார்க்கிறவங்க. உங்க வீட்டுக்காரர் சதையை வச்சுப் பார்த்த பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி ரெண்டையும் பார்த்துட்டு வந்து சபையில சொல்லுங்க. நம்ம வேதம் சத்தியம்னு அப்புறம் யார் மறுப்பா?"

மறுக்க, சாமியே இல்லை என்று வாதாடும் அவள் தம்பி ஒருத்தன் போதும். அவன் வாயை அடைக்க அவளுக்கும் கொள்ளை ஆசை.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரரின் கழுத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். அவள் வேலை பார்க்கும் லேபிலேயே புற்றுநோய் என்று வந்தது. சபையே முழங்கால் தேய ஜெபித்தது. ஆபரேஷனுக்கு முன் மறுபடி எடுத்துப் பார்த்தால், சுத்தம். அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் எண் போட்ட பழைய கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சதையின் ஓரத்தில் நீல மை.

ஒரே மாதிரிச் சதை அடுத்தடுத்து வந்தால், குழம்பாமலிருக்க ஓரத்தில் வேறு வேறு மை தொட்டு வைப்பது லேப் வழக்கம். நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான்: வீட்டுக்காரருக்குப் பச்சை, இன்னொருவருக்கு நீலம்.

அன்றைக்கு வீட்டுக்காரருடையது ரெண்டாவதாக இருந்தது. மனசு கேட்காமல் அதை முதலில் எடுத்து வெட்டினாள். எண் எழுதி அடுக்கியிருந்த கண்ணாடிகளை மாற்றி வைக்க மறந்துவிட்டாள். அவர் சதை இன்னொருவர் எண்ணிலும், அந்தச் சதை அவர் எண்ணிலும் ஏறிவிட்டது. பாவி நான், நிஜமாகவே புற்றுநோய் இருந்தவளுக்கு "ஒண்ணுமில்லை, போய் வாங்க" என்று சீட்டு போயிருக்கிறது.

பெட்டியை மூடிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஒரு நிமிஷம், பொய் எதற்கு, ரெண்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

டாக்டர் விட்ட டோஸில் காது கிழிந்தது. அந்தப் பெண், பஸ் டிரைவர், அன்றைக்கே வரவழைக்கப்பட்டாள். நோய் பரவவில்லை, நேரத்தில் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு வரவே இல்லையா? சும்மாவா என் சிகரெட்டைப் பிடுங்கினே?" என்றார் வீட்டுக்காரர். போதகருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. "அப்ப அதிசயம் இல்லையாம்மா?"

"இல்லைங்க. என் தப்பு. நாளைக்கும் ஜெபிக்க வருவேன். ஆனா சாட்சி சொல்ல மாட்டேன்."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், டிரைவரம்மாவின் கட்டிலருகே போய் நின்றாள். தான் யாரென்று சொன்னாள்.

"உங்களை நல்லாத் திட்டணும்னுதான் இருந்தேன்" என்றாள் டிரைவரம்மா, கழுத்து பேண்டேஜைப் பிடித்தபடி. "ஒண்ணு சொல்லுங்க. முடிஞ்சு போன கேஸ். ஆறு வாரம் கழிச்சு அந்தக் கண்ணாடியை ஏன் எடுத்தீங்க?"

லேப்காரம்மா மறைக்காமல் சொன்னாள், சபை, சாட்சி, தம்பி எல்லாவற்றையும்.

டிரைவரம்மா கையை நீட்டினாள். "எனக்குச் சாமி பூதமெல்லாம் கிடையாது. ஆனா உங்க போதகருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லிடுங்க. அவர் கேக்கலைன்னா நான் செத்திருப்பேன்."

லேப்காரம்மா அந்தக் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றி ஆண்டவருக்கா, போதகருக்கா, இவளுக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் சேர்த்து அவளிடமே நன்றி சொன்னாள்.