இடமிருந்து வலம்

…பச்சைக் கோடு திரையில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, நூற்றுக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று, பின்னால் சக்கர நாற்காலியில் என் மனைவி வளர்மதி, பேச்சு நின்று மூன்று வாரம் ஆகிறது, அவள் குரல் முழுவதும் கணினியின் இந்த வட்டுக்குள்தான் இருந்தது, இருந்தது என்பதா இருக்கிறது என்பதா, அதைத்தான் இந்தக் கோடு தேடுகிறது, வட்டில் ஒன்றை அழித்தால் அது உடனே அழிந்துவிடாது, எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் போகும், கல்யாண மண்டபத்தின் வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் போல, வேறு கூட்டம் வந்து அந்த இடங்களில் உட்காரும்வரை அவர்கள் இருப்பார்கள், இப்படி விளக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம், கல்யாணமான புதிதில் சிங்காநல்லூர் வீட்டில் கழற்றிப்போட்ட கணினியின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் ஒரு கம்ப்யூட்டர் கிறுக்கன் வளரு என்று பெருமையாகச் சொல்கிறேன், அது தெரிஞ்சுதானுங்க கட்டிக்கிட்டேன், இந்தப் பொட்டிக்கு ஒரு சீலையச் சுத்தி உட்டா என்னைய மறந்தே போயிருவீங்க என்று சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பா இது, இல்லை, கணினியின் விசிறி.

டாக்டர் நோயைச் சொன்னபோதும் எனக்கு வயர்கள்தான் நினைவுக்கு வந்தன, மூளை நன்றாக இருக்கிறது, கட்டளை பிறக்கிறது, தசைக்குப் போகும் வழிகள்தான் ஒவ்வொன்றாக அறுகின்றன, குரல் போவதற்குள் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பதிந்துவைத்தால், பிறகு அவள் விரலால் தட்டுவதையெல்லாம் கணினி அவள் குரலிலேயே பேசும் என்றார், நான் குதித்தேவிட்டேன், மைக் வாங்கினேன், எதிரொலிக்காமலிருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்தேன், சாயங்காலந்தோறும் அவள் வாசித்தாள், இதென்னுங்க, ஞாயித்துக்கிழமை யானை ஈயம் பூசுதாமா, எந்தக் கூறுகெட்டவன் எழுதுனானுங்க இதை, எல்லா ஒலியும் வரணும் வளரு, அதுக்குத்தான், இன்னொருக்கா சொல்லு, நாக்கு குழறக் குழற அவள் சொன்னாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் மிகவும் மகிழ்ந்திருந்த நாட்கள் அவை, அவள் குறைந்துகொண்டே வந்தாள், என் கோப்புகள் கூடிக்கொண்டே வந்தன.

எல்லாம் பதிந்த பிறகு, பத்திரமாக இருக்கட்டும் என்று புது வட்டு ஒன்று வாங்கினேன், இழுத்துப் போட்டுப் பிரதி எடுப்பவனுக்கு இந்தத் தப்பு நேராது, என்னைப் போன்றவன் ஒற்றை வரிக் கட்டளை எழுதுவான், இடப்பக்க வட்டைப் போலவே வலப்பக்க வட்டை ஆக்கு, இடப்பக்கம் இல்லாதது வலப்பக்கம் இருந்தால் அழித்துவிடு, காலியான புது வட்டை நான் இடப்பக்கம் எழுதினேன், நான்கு நொடி, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகிவிட்டன, இரண்டும் காலி, வெற்றிகரமாக முடிந்தது என்று வந்ததை நம்பி, திறந்தும் பார்க்காமல், ஒரு வாரம் பழைய வட்டில் வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருந்தேன், மண்டபத்தில் வேறு கூட்டம்.

நூறு. ஒரே ஒரு கோப்புறை பிழைத்திருக்கிறது, எண்பத்து மூன்று கோப்புகள், வாக்கியம் ஒன்றுகூட இல்லை, தினமும் வாசிப்பதற்கு முன் பத்து நொடி பேசாமல் இரு வளரு என்பேன், அறையின் இரைச்சலை மட்டும் தனியே பதிந்துகொண்டால் பிறகு குரலிலிருந்து அதைக் கழித்துவிடலாம், அவை மட்டும்தான் மிச்சம், வட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது என்று ஒரு வாரமாக அவளிடம் சொல்லிவந்தவன் இப்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்து, போச்சு வளரு, நான்தான் அழிச்சேன் என்கிறேன், மிச்சம் இருப்பது என்ன என்றும் சொல்கிறேன், அவளுடைய ஒற்றை விரல் மடியிலுள்ள கருவியில் வெகுநேரம் தட்டுகிறது, அதிலிருந்து யாரோ ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோலச் சொல்கிறாள், நான் வாயத் தொறக்காம இருந்ததை மட்டும் பத்தரமா வெச்சிருக்கீங்க, சிரிப்பு எங்கே வரவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, பிறகு, போடுங்க.

போடுகிறேன், ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு தட்டையாகக் கிடக்கிறது, லேசாக எழுந்து தணிகிறது, எங்கோ பஸ் ஹாரன், அப்புறம் அவள் மூச்சு, நீளமாக, நிதானமாக, அடுத்தது, அடுத்தது, முப்பதாவது நாளில் மூச்சு குட்டையாகிறது, அறுபதில் ஏறும்போது ஒருமுறை தடுக்குகிறது, இரைச்சல் என்று பெயரிட்டு ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் நான் கழித்துக்கொண்டிருந்தது இதைத்தான், எழுபதில் என் விரல் நின்றுவிடுகிறது, பின்னால் தட்டும் சத்தம், இனி அவளுக்காகப் பேசப்போகிற அந்தப் பெண் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்கிறாள், அடுத்தது.