பதினேழாம் கட்டம்

குடியிருப்பின் பின்னால் ஒரு காலிமனை. அதை நிரவிக் கார் நிறுத்த வேண்டும் என்று பேச்சு. மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஓட்டு.

"அங்க என்னம்மா இருக்கு, குப்பையும் கோரையும்" என்றார் செயலாளர்.

முதல் மாடித் தையல்காரிக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷமாக மிஷினிலிருந்து தலையைத் தூக்கினால் அவள் கண்ணுக்குக் கிடைப்பது அந்த மனைதான்.

"என்ன இருக்குன்னு படம் போட்டுக் கொண்டுவரேன் சார். பார்த்துட்டு ஓட்டு போடுங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், தனக்கு நாலு செடிக்கு மேல் பெயர் தெரியாது என்பது உறைத்தது.

மூன்று வாரம். அவளுடைய மகள், எதிர்வீட்டுக் கண்ணாடிப் பையன் சோடாபுட்டி, காவலாளியின் கடைசிப் பெண் குட்டை, மூவரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மனையை நூல் கட்டி இருபத்துநாலு கட்டமாகப் பிரித்தார்கள். கட்டம் பத்தடிக்குப் பத்தடி; வரிசைக்கு ஆறு, மொத்தம் நாலு வரிசை. துணி வெட்டும் காக்கித் தாளில் வரைபடம். நூலகத்துப் புத்தகத்தில் இல்லாத செடிக்கு இலையைக் கிள்ளி ஒட்டினார்கள். தையல்காரி விதித்தது ஒரே விதி: கண்ணால் பார்த்ததைத்தான் போட வேண்டும், பார்த்ததை விடக் கூடாது.

மூன்றில் ஊமத்தை. எட்டில் ஓணான். பதினொன்றில் கொம்புத்தேன் கூடு. சனிக்கிழமை காலையில் நாற்பத்தாறு வகை ஆகியிருந்தது.

மத்தியானம் சோடாபுட்டி நடந்தே வந்தான். அவன் எதற்கும் ஓடமாட்டான்.

"அத்தை, பதினேழுல பாம்புச் சட்டை கிடக்கு."

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எழுபத்திரண்டு அங்குலம்.

"எங்கிட்ட அளவுக்கு வந்ததுலயே இதுதான் நீளம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கற்குவியலுக்கு அடியில் சட்டைக்குச் சொந்தக்காரர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசரமில்லாமல் எலி வளைக்குள் போனார்.

பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினாள். சாரை. விஷமில்லை. எலி தின்னும்.

"போட வேண்டாம்மா" என்றாள் மகள். "போட்டா நாளைக்கே புல்டோசர் வந்துடும்."

தையல்காரிக்கும் அதுதான் தோன்றியது. நாற்பத்தாறோடு நிறுத்தினால் யார் வந்து எண்ணப் போகிறார்கள்? பென்சிலைக் கீழே வைத்தாள்.

குட்டை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "படத்தைப் பார்த்துட்டு, அங்க ஒண்ணும் இல்லைன்னு யாராவது போய் மிதிச்சா?"



தையல்காரி பேனாவை எடுத்தாள். பதினேழாம் கட்டத்தில் எழுதினாள்: சாரைப்பாம்பு, ஒன்று.

"இனிமே அந்தப் பக்கம் நான் இல்லாம யாரும் போகக் கூடாது. விஷமில்லைன்னாலும் கடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஆட்கள் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார்கள். எங்க ஜன்னலுக்கு நேராவா இத்தனை பட்டாம்பூச்சி என்றது ஒரு குரல். பிறகு யாரோ பதினேழைப் படித்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

செயலாளர் குரலை உயர்த்தவில்லை. "பார்த்தீங்களா. நம்ம வேலையைப் பிள்ளைங்களே முடிச்சுக் கொடுத்துட்டாங்க. இதுக்கு மேல எதுக்கு ஓட்டு?"

மகள் அம்மாவைப் பார்த்த பார்வையில், சொன்னேனில்ல என்பது இருந்தது. தையல்காரி உட்காரவில்லை.

"சார், நிரவினா அது எங்க போகும்?"

"எங்கயாவது போகும்மா."

"பதினேழுலயும் இருபத்துமூணுலயும் பதினாலு எலி வளை இருக்கு. படத்துல பாருங்க. எலியும் கிளம்பும், பாம்பும் கிளம்பும். பக்கத்துல இருக்கறது நம்ம கீழ்வீடுங்கதான்."

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் செருப்புக் காலை மெல்ல நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டார். "இப்பவாவது அது எங்க இருக்குன்னு தெரியுது. அந்தம்மா மறைச்சிருக்கலாம், மறைக்கல."

"அதுக்காக நான் காரைத் தலையிலயா தூக்கி வச்சுக்கறது?" என்றார் மேல்மாடிக்காரர்.

"வச்சுக்கோங்களேன், வழுக்கையாவது மறையும்" என்றாள் அவர் மனைவி, பின்வரிசையிலிருந்து.

ஒரு மணி நேரம் இழுத்தது. கடைசியில் ஓட்டு. கட்டடத்தை ஒட்டிய இரண்டு வரிசை, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, காருக்கு. பின்னாலிருக்கிற பன்னிரண்டு கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. குறிப்பேட்டில் செயலாளர் அதை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை தையல்காரி அவர் பக்கத்திலேயே நின்றாள். வியாழக்கிழமை புல்டோசர்.

வெளியே வந்ததும் குட்டைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எட்டுல ஓணான் இருக்கே."

"ஓணானுக்குக் கால் இருக்கு, பின்னால போயிடும். தேனீக்குச் சிறகு இருக்கு" என்றாள் தையல்காரி. அப்படியே நடக்கும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. "செடிதான் நடக்காது. முன்கட்டத்துல மட்டும் இருக்கற செடி எத்தனை?"

சோடாபுட்டி மனதுக்குள் கூட்டினான். "ஒன்பது."

"நாலு நாள் இருக்கு. மண்வெட்டி யார் வீட்டுல இருக்கு?"