பட்டு என்று எழுதியிருந்தாள்

1.

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த இருவர், ஓர் இயந்திரத்தை எண்ணெய் அழுத்தத்தில் ஓட்டுவதா, மோட்டாரில் ஓட்டுவதா என்று சண்டை போட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்று தெரிவதற்குள் பூதலப்பட்டில் இறங்கிவிட்டார்கள். அதை முடித்துவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ரேணிகுண்டாவில் மழை பிடித்துக்கொண்டபோது தபிதா..."

விட்டுவிட்டேன். மழைக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

2.

தபிதா சித்தூர்க்காரி. ரேணிகுண்டாவில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் இயந்திரங்களை வடிவமைக்கிறாள். அவளிடம் ஓர் இயந்திரம் செய்யச் சொன்னவள் ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கும் ரூபா. ஏணியிலிருந்து விழுந்து ரூபாவின் தொடை எலும்பு முறிந்தது. புத்தூரில் கட்டுப்போட்டுச் சேர்ந்துவிட்டது. ஏணி மட்டும் ஏற முடியவில்லை. கொட்டகையில் மேல் மூன்று அடுக்குகளும் காலி. உட்காரவைத்துத் தூக்க ஒரு மேடை கிடைத்தால் கொட்டகை அவளுடையது. கிடைக்காவிட்டால் வேறு யாருக்காவது விட வேண்டியதுதான்.

வீட்டில் தமிழ் பேசினாலும் ரூபா படித்தது தெலுங்கு மீடியம். வாட்ஸப்பில் தெலுங்கில் ஒரு வரி அனுப்பினாள்: "பட்டு முக்கியம்."

3.

எண்ணெய் அழுத்தம் சின்ன உருளையிலிருந்தே பெரிய பாரத்தை அலுங்காமல் தூக்கும். கரெண்டு போனாலும் ஒரு வால்வைத் திறந்து மெல்ல இறங்கலாம். ஆனால் என்றாவது கசியும். மல்பரி இலையில் ஒரு சொட்டு விழுந்தால் புழு தொடாது. மோட்டார் சுத்தம், கரெண்டு நின்றால் பாரத்தைப் பிடித்துக்கொள்ள வேறொன்று வேண்டும்.

(எனக்கு எண்ணெய் இயந்திரத்தின் மேல்தான் பிரியம். கெடும்போது தரையில் கறை தெரியும். நானும் அப்படித்தான் கெடுவேன், பல வருடமாக, எல்லோருக்கும் தெரியும்படி. ஆனால் இது என்னைப் பற்றிய...)

தபிதா மோட்டாரைத் தேர்ந்தெடுத்தாள். மோட்டார், சங்கிலி, பிரேக்.

4.

ரூபா மேடையில் உட்கார்ந்தாள். இரண்டடி உயர்ந்ததும் தபிதா கரெண்டை நிறுத்தினாள். மேடை சறுக்கி, பிறகு நின்றது.

"இன்னாம்மே, ஒரு ஜாண் எறங்கிடுச்சு!"

"பிரேக் புடிச்சிக்கும்க்கா. கொஞ்சம் லேட்டாதான்..."

"லேட்டா புடிக்கிறதுக்கு மிஷின் எதுக்கு? எங்க ஊட்டுக்காரரே போதும். பட்டு முக்கியம்னு எழுதினேனா இல்லியா?"

"அதுக்குதானக்கா ஆயிலே வேணாம்னு வுட்டேன். பட்டுப்புழுவுக்கு ஆவாதுன்னு."

ரூபா அவளையே பார்த்தாள்.

"அய்யய்யோ! புழு பட்டு இல்லம்மே. புடிக்கிற பட்டு!"*

* தெலுங்கில் பட்டு என்றால் பட்டும்தான், பிடியும்தான். தபிதாவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். பட்டுக்கொட்டகைக்காரி எழுதியதால் தமிழ்க் கண்ணால் படித்துவிட்டாள்.

"டிராக்டர்ல ஆயில் கை இருக்குதே, அத்த வச்சிடு. அது வுடாது," என்றாள் ரூபா.

"ஒழுகினா?"

ரூபா கீழ் அடுக்கைப் பார்த்தாள். புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

"அப்போ ரெண்டு பட்டும்தான் வேணும்," என்றாள்.

5.

முதல் வரைவில் தபிதா இங்கே அழுதாள். அழுவதற்கு ஒன்றுமில்லை என்று மறுபடி படித்தபோது தெரிந்தது. தப்பு கண்டுபிடிக்கப்பட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும். எதைச் செய்ய வேண்டும் என்று இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

சங்கிலியைக் கழற்றி, அந்த இடத்தில் கார் ஜாக்கியில் இருப்பது போன்ற தடித்த திருகுத் தண்டை வைத்தாள். மோட்டார் சுற்றினால் மேடை ஏறும். மோட்டார் நின்றால் திருகின் மரையே பாரத்தைத் தாங்கும். பாரத்தால் திருகைத் திருப்ப முடியாது. கரெண்டு இல்லாதபோது இறங்க ஒரு கைப்பிடி. எண்ணெய் உருளை இல்லை.

6.

முடிவு ஒன்று: மேடை நிற்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். கைதட்டும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

முடிவு இரண்டு: திருகு தேய்ந்து, கடைசியில் எண்ணெயே... வேண்டாம். அது என் பிரியம், ரூபாவின் தேவை அல்ல.

எழுதியது இதுவரைதான். அரிசி மூட்டைகளை ஏற்றிப் பன்னிரண்டு முறை கரெண்டை நிறுத்திப் பார்த்தாயிற்று. விரல்கடை அளவும் இறங்கவில்லை. இன்னொரு முறை பார்க்கலாம் என்றாள் தபிதா.

"மூட்டைக்கு இன்னா பயம்? எனக்குதான் பயம். என்னிய வச்சி பாரு."

"சரிக்கா. நிறுத்தறப்போ சொல்றேன்."

"சொல்லாத. சொன்னா கெட்டியா புடிச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். வேல நடக்காது."

அவள் மேலே போனபிறகுதான் தபிதா கவனித்தாள்: மேல் அடுக்குகளில் புழு இருந்தது. நேற்றே யாரிடமோ சொல்லிப் புழுக்களை மேலே ஏற்றியிருக்கிறாள் ரூபா.

ரூபா இரண்டு கைகளாலும் இலை பரப்புகிறாள். மேடையின் கம்பியை அவள் பிடித்திருக்கவில்லை. கீழே தபிதாவின் விரல் சுவிட்சின் மேல். எந்த நொடியில் நிறுத்துவது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் தபிதாவிடம் சொல்லுங்கள். ரூபாவின் காதில் விழாமல்.